பால் பாலாகவே இருந்ததா, பாப்பா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

ராத்திரி உறை ஊற்றி வைத்தது காலையிலும் பாலாகவே இருந்தது என்று எழுதியிருந்தாய். படித்ததும் அம்மா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை; நானும் அதே தப்பைச் செய்தவன்தான். ஒரு தடவை அடுப்படியில் எறும்பு வருகிறதே என்று தயிர்ப் பாத்திரத்தைப் படுக்கையறையில் வைத்துவிட்டு, வழக்கம்போல் ஏர்கானைப் போட்டுத் தூங்கிவிட்டேன். விடிந்தபோது எறும்பும் இல்லை, தயிரும் இல்லை.

இங்கே தயிரைத் தோய்ப்பது நாம் இல்லை, சிங்கப்பூர்ப் புழுக்கம். ராத்திரியிலும் வீட்டுக்குள் 28, 29 டிகிரி இருக்கும். மூடி வைத்துவிட்டுப் படுத்தால் போதும். மெல்பர்ன் ஜூலைக் குளிரில் அது நடக்காது. உறையில் இருக்கிற நுண்ணுயிர்களுக்கு 40 முதல் 45 டிகிரி என்றால் கொண்டாட்டம்; நம் வீட்டுப் புழுக்கத்திலும் மெதுவாக வேலை செய்யும். குளிர்ந்தால் சுருண்டு படுத்துக்கொள்ளும்.

பாலைப் பொங்கியதும் இறக்கிவிடாதே. தணலைக் குறைத்துப் பத்து நிமிடம் கிண்டிக்கொண்டே இரு. தயிர் கெட்டியாக விழுவது அதில்தான். பிறகு ஆறவிடு. அப்பாயி சுண்டுவிரலை விட்டுப் பத்து எண்ணுவார்கள். சுட்டால் காத்திரு, பத்து வரை தாங்கினால் ஊற்று. அரை லிட்டருக்கு ஒரு கரண்டி உறை போதும். கடையில் வாங்கினால் இனிப்பு சேர்க்காத வெறும் தயிராகப் பார்த்து வாங்கு.

அப்புறம் கதகதப்பு. பிளாஸ்க்கை வெந்நீரில் அலசிவிட்டு அதற்குள் ஊற்றி மூடு. இல்லையென்றால் பாத்திரத்தைத் துண்டில் சுற்றி, ஓவனுக்குள் வைத்து அதன் விளக்கை மட்டும் போடு. ஆறேழு மணி நேரம் ஆட்டாதே, திறந்து திறந்து பார்க்காதே. நீ பார்ப்பாய், எனக்குத் தெரியும்.

பழத்தயிர் கேட்டிருந்தாய். எதைச் சேர்ப்பதானாலும் தோய்ந்த பிறகு சேர். ஒரு தீபாவளிக்குப் வேகவைக்காத அன்னாசியை நறுக்கித் தயிரில் கலந்து, முதல் நாள் ராத்திரியே குளிர்பெட்டியில் வைத்தேன். மறுநாள் விருந்தாளிகள் முன்னால் வாயில் வைத்தால் ஒரே கசப்பு! அன்னாசியில் இருக்கும் நொதி பாலின் புரதத்தைச் சிதைத்துவிடுமாம். கிவியும் அப்படித்தான். அன்னாசி வேண்டுமென்றால் வேகவைத்து ஆறவிட்டுச் சேர். மாம்பழத்துக்கு இந்த வம்பு கிடையாது. என்னைக் கேட்டால், பால் காயும்போது வாசனைக்கு ஒரு பாண்டான் இலையை முடிச்சுப் போட்டுப் போட்டுவிட்டு, ஊற்றும் முன் எடுத்துவிடு. சாப்பிடும்போது மேலே குலா மலாக்கா, அதுதான் தென்னை வெல்லம், அந்தப் பாகு. தேக்கா சந்தையில் வாங்கிய இரண்டு கட்டி இங்கே இருக்கிறது, அடுத்த பொட்டலத்தில் அனுப்புகிறேன்.

நீ கொண்டுபோன எவர்சில்வர் தூக்கு இன்னும் இருக்கிறதா என்று அம்மா கேட்கிறாள். இருந்தால் துண்டில் சுற்ற அதுவே சரி, மூடி இறுக்கமாக உட்காரும்.

அன்புடன்,
அப்பா