செல்வராணிக்கு, பல் டாக்டர் கிடைக்காத ஊரிலிருந்து

அன்புள்ள செல்வராணிக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. அத்தைக்குப் பல் செட் கட்டியதையும், கட்டிய மறுநாளே அவர் முறுக்கு கேட்டதையும் வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். ராத்திரி அதைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டுத்தான் தூங்க வேண்டும், சரியா? வாயிலேயே கிடந்தால் அண்ணத்தில் பூஞ்சைப் புண் வந்துவிடும். உனக்குத் தெரியாததில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அங்கேதான் வைத்தியம் எல்லாம் இலவசமாச்சே, பிறகு ஏன் ஒவ்வொரு லீவுக்கும் நாகர்கோவில் வந்து பல் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தாய். இரண்டு வரியில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இந்த ஒரு மாதமாக என் மனசு முழுக்க இந்த விஷயம்தான். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

இங்கே இங்கிலாந்தில் டாக்டரைப் பார்ப்பதும் ஆஸ்பத்திரி வைத்தியமும் இலவசம், பல் அப்படி இல்லை. 1948 ஜூலையில் என்.எச்.எஸ். என்கிற அரசு வைத்திய சேவை தொடங்கியபோது பல்லும் இலவசமாகத்தான் இருந்தது. பல் செட் கேட்டு ஜனங்கள் வந்து குவிந்தார்கள். மூன்றே வருஷத்தில், 1951இல், பல் செட்டுக்கும் கண்ணாடிக்கும் காசு வாங்குவது என்று அரசு முடிவெடுத்தது. என்.எச்.எஸ்.ஸைக் கட்டி எழுப்பிய அனைரின் பெவன், அதை எதிர்த்து அமைச்சர் பதவியையே விட்டுவிட்டுப் போனார். அன்றைக்குத் தொடங்கிய கட்டணம் இன்றைக்கும் இருக்கிறது. 2025 ஏப்ரல் கணக்குப்படி சும்மா பார்ப்பதற்கு 27.40 பவுண்ட், சொத்தை அடைக்க, பிடுங்க 75.30, பல் செட், கிரவுன் என்றால் 326.70 என்று இருந்தது. அறுபது தாண்டியவர்களுக்கு மருந்து இலவசம், பல்லுக்கு அந்தச் சலுகை கிடையாது.

காசு கொடுக்கத் தயாராக இருந்தாலும் உள்ளே போக முடிவதில்லை என்பதுதான் பெரிய கொடுமை. 2024 பிப்ரவரியில் பிரிஸ்டல் நகரத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரி என்.எச்.எஸ். நோயாளிகளைச் சேர்க்கிறது என்று தெரிந்ததும் நூற்றுக்கணக்கானவர்கள் தெரு நீளத்துக்கு வரிசையில் நின்றார்கள். கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் போலீஸ் வரவேண்டியதாயிற்று. ரேஷன் கடை வரிசை பார்த்து வளர்ந்தவள் நான். இந்த நாட்டில், பல்லுக்காக, அப்படி ஒரு வரிசையை டிவியில் பார்ப்பேன் என்று நினைக்கவே இல்லை. 2024 மார்ச் வரையிலான இரண்டு வருஷத்தில் என்.எச்.எஸ். பல் டாக்டரைப் பார்த்த பெரியவர்கள் நூற்றுக்கு 40 பேர்தான். கொரோனாவுக்கு முன்னால் அது 49.

டாக்டர்கள் மேல் மட்டும் பழி போட மாட்டேன். 2006இல் என்.எச்.எஸ். அவர்களோடு போட்ட ஒப்பந்தம் அப்படி. டாக்டர் செய்கிற வேலையை அலகு அலகாக எண்ணிப் பணம் கொடுக்கிறார்கள். சும்மா பார்த்து அனுப்பினால் ஒரு அலகு. சொத்தை அடைத்தால் மூன்று அலகு. ஒரு பல்லை அடைத்தாலும் அதே மூன்று, ஆறு பல்லை அடைத்தாலும் அதே மூன்று என்று பதினாறு வருஷம் ஓடியது. 2022 கடைசியில்தான் கொஞ்சம் திருத்தினார்கள். வாய் முழுக்கச் சொத்தையோடு வருகிற ஏழைக்கு வைத்தியம் செய்தால் டாக்டருக்குக் கைநஷ்டம் என்று ஆகிவிட்டது. ஒப்புக்கொண்ட அலகுகளில் 96 சதவீதமாவது செய்து முடிக்காவிட்டால் வாங்கிய பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டும். பலர் மெதுவாகத் தனியாருக்கு நகர்ந்துவிட்டார்கள்.

ஒப்பந்தம், அலகு என்று நான் எழுதுவது எல்லாம் ஒரு பாட்டியால்தான் எனக்கு உறைத்தது.

நான் வேலை பார்க்கிற கேர் ஹோமில், அதாவது முதியோர் பராமரிப்பு இல்லத்தில், இருக்கிறார், 84 வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். இங்கே எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் எனக்கு மனசுக்குள் அவர் பாட்டிதான். மறதி நோய் முற்றியிருக்கிறது, பேச்சு குறைந்துவிட்டது. இரண்டு வாரமாகச் சாப்பாட்டைத் தொடவில்லை. ஸ்பூனைக் கொண்டுபோனால் கையால் தட்டிவிடுவார். 'நடத்தையில் மாற்றம், உணவு மறுப்பு' என்று ஃபைலில் ஏறிவிட்டது. மறதி நோயில் அடுத்த கட்டம் வந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்தோம். நானும்தான் நினைத்தேன், அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

ஒரு நாள் காலையில் அவர் கொட்டாவி விட்டபோது பக்கத்தில் நின்றேன். ஒரு வாடை வந்தது. நம் ட்ரெயினிங் காலத்தில் வார்டில் சீழ்ப்புண் டிரஸ்ஸிங் பிரிக்கும்போது வருமே, அந்த வாடை. டார்ச் எடுத்து வந்து, கன்னத்தை மெல்ல ஒதுக்கிப் பார்த்தேன். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று பாதியாக உடைந்து, விளிம்பு கத்தி மாதிரி நின்றது. நாக்கு அசையும் ஒவ்வொரு தடவையும் அதில் உரசி, பக்கவாட்டில் விரல் நக அளவு புண். ஈறு வீங்கிப் பளபளவென்று இருந்தது. இரண்டு வாரம் அந்த வலியோடு இருந்திருக்கிறார். ஸ்பூனைத் தட்டிவிட்டதுதான் அவர் பேசிய பேச்சு. எங்களில் யாருக்கும் அது விளங்கவில்லை.

அப்புறம் போன் போட ஆரம்பித்தேன். பக்கத்து ஊர்களில் இருக்கிற எந்த இடத்திலும் புது ஆள் எடுக்க மாட்டார்கள். அவசர எண்ணில் கூப்பிட்டால், சாயங்காலத்துக்குள் நாற்பது மைல் தள்ளி ஒரு ஊருக்குக் கூட்டி வாருங்கள் என்றார்கள். சக்கர நாற்காலியோடு, புது ஆளைக் கண்டால் பயந்து அலறுகிறவரை பல் டாக்டரின் நாற்காலியில் எப்படி உட்கார வைப்பது? வீட்டுக்கே வந்து பார்க்கிற பல் டாக்டர்கள் ரொம்பக் கொஞ்சம். அதற்கென்று தனி ஒப்பந்தம் இருந்தால்தான் வருவார்கள். சிறப்புத் தேவை உள்ளவர்களுக்கென்று ஒரு பல் சேவை இருக்கிறது, அங்கே காத்திருப்புப் பட்டியல். கடைசியில் குடும்ப டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தார், வலிக்கு மருந்து கொடுத்தோம், கஞ்சி மாதிரிக் கரைத்து ஊட்டினோம்.

தப்பு எங்கள் பக்கமும் உண்டு. 2016இலேயே கேர் ஹோம்களுக்கு வழிகாட்டுதல் வந்துவிட்டது: சேர்ந்தவுடன் வாயைப் பரிசோதிக்க வேண்டும், தினமும் பல் தேய்த்துவிட வேண்டும், அதை எழுதி வைக்க வேண்டும். 2019இல் கேர் ஹோம்களை மேற்பார்க்கிற ஆணையம் நூறு இடங்களுக்குப் போய்ப் பார்த்தபோது, பாதிக்கு மேல் வாய் சுகாதாரத்துக்கு ஒரு விதிமுறையே இல்லை. ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்காத இடங்கள் கிட்டத்தட்டப் பாதி. இன்னொருவருக்குப் பல் தேய்த்துவிடுவது லேசான வேலை இல்லை, செல்வராணி. அவர் கையிலேயே பிரஷைக் கொடுத்து, அந்தக் கை மேல் நம் கையை வைத்து, சேர்ந்து அசைக்க வேண்டும். அப்போதுதான் பயப்பட மாட்டார்கள். பாட்டி காலையில் விடமாட்டார். மத்தியானம், ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கும்போது விடுவார். இதெல்லாம் கூட இருந்து பழகினவர்களுக்குத்தான் தெரியும்.

பழகினவர்கள் நிலைக்க வேண்டுமே! வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கேரர்களை, அதாவது பராமரிப்பு ஊழியர்களை, எடுக்கும் விசாவை 2025 ஜூலையில் மூடிவிட்டார்கள். சம்பளம் குறைவு என்பதால் உள்ளூர்க்காரர்கள் அதிகம் வருவதில்லை. ராத்திரி ஷிஃப்டுக்கு ஏஜென்சி ஆட்கள் வாரத்துக்கு ஒருவராக மாறுகிறார்கள். பாட்டி எப்போது வாயைத் திறப்பார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இந்தப் பராமரிப்பு என்.எச்.எஸ். கையில் இல்லை, உள்ளாட்சி அமைப்பான கவுன்சில் கையில் இருக்கிறது. 2014 சட்டப்படி, யாருக்குப் பராமரிப்பு வேண்டும் என்று மதிப்பிடுவதும் ஏற்பாடு செய்வதும் கவுன்சிலின் கடமை. ஆனால் ஒருவரிடம் 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் செலவை அவரே ஏற்க வேண்டும். அந்தத் தொகை 2010இலிருந்து அப்படியே நிற்கிறது, விலைவாசி எங்கேயோ போய்விட்டது. பாட்டியின் வீட்டை விற்றுத்தான் இங்கே கட்டணம் கட்டுகிறார்கள். இதையெல்லாம் சீர்திருத்த ஒரு பெரிய ஆணையம் உட்கார்ந்திருக்கிறது, முழு அறிக்கை 2028இல் வருமாம். பாட்டிக்கு 2028 ரொம்பத் தூரம்.

பராமரிப்பு கவுன்சிலிடம். பல் டாக்டர்களோடு ஒப்பந்தம் போடுவது 2023 ஏப்ரலிலிருந்து அந்தந்த வட்டாரத்து என்.எச்.எஸ். வாரியத்திடம். பாட்டியின் வாய் இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிட்டது.

எனக்கு வழி காட்டியது இன்னொரு பாட்டியின் மகள். "கவுன்சிலில் ஸ்க்ரூட்டினி கமிட்டி என்று ஒன்று இருக்கிறது, போய்க் கேளுங்கள்" என்றார். நிர்வாகப் பொறுப்பில் இல்லாத கவுன்சிலர்கள் சேர்ந்து, பொறுப்பில் இருக்கிற கவுன்சிலர்களைக் கேள்வி கேட்கிற குழு அது. 2003லிருந்து இந்தக் குழுக்களுக்கு என்.எச்.எஸ்.ஸையும் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. கூப்பிட்டால் அதிகாரி வந்து பதில் சொல்லியாக வேண்டும். குழு ஒரு பரிந்துரை செய்து பதில் கேட்டால் 28 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. முன்பு ஒரு பெரிய மாற்றம் பிடிக்கவில்லை என்றால் நேராக அமைச்சருக்கு அனுப்பலாம், அந்த உரிமையும் 2024 ஜனவரியோடு போய்விட்டது. மிச்சம் இருப்பது கேள்விதான்.

நான் போனேன். கேள்வியை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், பேச மூன்று நிமிஷம். லீவு போட்டுவிட்டுக் காலை பத்து மணிக்குப் போய் உட்கார்ந்தேன். பெரிய ஹால், குதிரைலாட வடிவத்தில் மேசை, பன்னிரண்டு கவுன்சிலர்கள். பார்வையாளர் வரிசையில் என்னோடு சேர்த்து நாலு பேர். முந்தின இரண்டு ராத்திரியும் இருநூறு பக்கம் அறிக்கையை வாசித்திருந்தேன். ஐந்தாவது விஷயம் பல் வைத்தியம். ஏழாவது விஷயம் முதியோர் பராமரிப்பு.

மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்ததும் தொண்டை அடைத்தது. பாட்டியின் பெயர் சொல்லாமல், டார்ச் வெளிச்சத்தில் பார்த்ததைச் சொன்னேன். பிறகு சொன்னேன்: "பல் பற்றிய உங்கள் அறிக்கையில் கேர் ஹோம் என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. பராமரிப்பு பற்றிய அறிக்கையில் பல் என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. எங்கள் ஹோமில் இருக்கிற முப்பத்தெட்டு பேருக்கும் வாய் இருக்கிறது."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு வயசான கவுன்சிலர், காதில் மெஷின் வைத்திருந்தவர், வாரியத்திலிருந்து வந்த அதிகாரியைப் பார்த்து, "இந்த மாவட்டத்தில் எத்தனை கேர் ஹோமுக்குப் பல் டாக்டர் போகிறார்?" என்று கேட்டார். அதிகாரியிடம் அந்தக் கணக்கு இல்லை. கவுன்சில் பக்கத்து அதிகாரியிடம் திரும்பிக் கேட்டார். அவரிடமும் இல்லை. அந்த இரண்டு அதிகாரிகளும் ஒரே கேள்விக்கு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட நிமிஷம் என் கண்ணிலேயே நிற்கிறது. கெட்டவர்கள் இல்லை, களைத்துப்போன மனுஷர்கள். ஆனால் அதுவரை அவர்கள் இந்த விஷயத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்ததே இல்லை.

அடுத்த கூட்டத்துக்குள் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே அறிக்கை தர வேண்டும், ஒவ்வொரு கேர் ஹோமுக்கும் போகிற டாக்டர் யார் என்ற பட்டியல் வேண்டும் என்று குழு தீர்மானம் எழுதிக்கொண்டது. ஒரு பட்டியலால் பல் வலி தீராது, எனக்குத் தெரியும். 2006 ஒப்பந்தத்தை இந்த ஹாலில் யாராலும் மாற்ற முடியாது, அது லண்டனில் மாற வேண்டியது. ஆனாலும் எண்ணப்படாதவர்களுக்கு யாரும் டாக்டர் அனுப்பப் போவதில்லை. அதனால் அந்தப் பட்டியல் எனக்குப் பெரிசுதான்.

மெம்பர் பதவிக்காலம் முடிந்த பிறகும் கிராம சபைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன் என்று எழுதியிருந்தாயே, அங்கே உட்கார்ந்திருந்தபோது உன் நினைப்புதான். தண்ணீர்த் தொட்டி எப்போது கழுவினீர்கள் என்று நீ எழுந்து நின்று கேட்ட கதையைச் சொன்னாய் அல்லவா, அந்தத் தைரியத்தில்தான் நானும் எழுந்தேன். நீ கேட்ட பிறகு தொட்டியில் கழுவின தேதியைப் பெயின்டால் எழுதுகிறார்களாமே. அந்தப் போட்டோ இருந்தால் அனுப்பு.

பாட்டிக்குப் போன வியாழக்கிழமை டாக்டர் வந்தார். சிறப்புச் சேவையிலிருந்து, ஐந்தரை வாரம் கழித்து. கட்டிலிலேயே மரத்துப்போக ஊசி போட்டு, என் கையைப் பாட்டி இறுக்கிப் பிடித்திருக்க, இருபது நிமிஷத்தில் பிடுங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கஸ்டர்ட் ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டார். கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார், இன்னும் வேண்டும் என்று.

அடுத்த கூட்டம் டிசம்பரில். கேள்வியை எழுதி வைத்துவிட்டேன். எங்கள் ஹோமில் மற்ற முப்பத்தேழு பேரின் வாயையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருகிறேன், இதுவரை பத்தொன்பது ஆகியிருக்கிறது.

தையில் வருகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. எனக்கும் மேல் வரிசையில் ஒரு பல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது. அத்தைக்குச் செட் கட்டிய டாக்டரிடம் வந்த வாரமே ஒரு நேரம் வாங்கி வை. அத்தையிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் புஷ்பா