பளியர் வீட்டுப் பெண்ணும் ஒரு சாதிச் சான்றிதழும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரஷ்யாவில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் பெண் ஆளுநர், கம்சாத்கா தீபகற்பத்தின் இதெல்மென் பழங்குடியில் பிறந்து சட்டம் படித்த வாலன்டினா புரோனெவிச் என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். அங்கே ஆளுநர் என்பவர் நம்மூர் முதலமைச்சரைப் போல் நிர்வாகத்தையே நடத்துபவர். 1996 நவம்பரில், பதவியில் இருந்தவரைத் தோற்கடித்து, அத்தீபகற்பத்தின் வடபகுதியை உள்ளடக்கிய கொர்யாக் தன்னாட்சி வட்டாரத்தின் பொறுப்பை அவர் ஏற்றார். பரப்பில் தமிழ்நாட்டைப் போல் இரு மடங்குக்கும் மேலான அந்த வட்டாரத்தில் 2002 கணக்கெடுப்பின்படி சுமார் 25 ஆயிரம் பேரே வாழ்ந்தனர். ஆற்று மீனை நம்பி வாழ்ந்த இதெல்மென் மக்களோ நாடு முழுவதிலுமே ஏறத்தாழ மூவாயிரம் பேர்தான். தன் இனத்தாரின் வாக்கை மட்டும் நம்பி அவர் வென்றிருக்க முடியாது. 2000-இல் அவர் தோற்றார். 2007-இல் அந்த வட்டாரமே கம்சாத்கா மாகாணத்துடன் இணைக்கப்பட்டது. ஆனாலும், கற்ற சட்டம் கைவிடாததால், பின்னாளில் அவர் அப்பிரதேசத்தின் மனித உரிமை ஆணையரானார்.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2004-இல் தொடங்கிய நாள் முதல் அங்கு வழக்கு நடத்திவரும் நான், பழனி மலையிலிருந்தோ வருசநாட்டிலிருந்தோ அவரைப் போல் சட்டம் படித்து வந்த ஒரு பளியர் பழங்குடிப் பெண்ணை வழக்கறிஞரின் கறுப்பு அங்கியில் இதுவரை கண்டதில்லை. சென்ற ஆண்டு பிளஸ் டூ தேறிய ஒரு பளியர் மாணவி, சட்டக் கல்லூரியில் சேர வேண்டுமென்று தேனெடுக்கும் தன் தந்தையுடன் என் அலுவலகத்துக்கு வந்தாள். ஆதார், ரேஷன் அட்டை, மதிப்பெண் பட்டியல் எல்லாம் மழையில் நனையாதபடி ஒரு பாலித்தீன் பைக்குள் இருந்தன. பழங்குடிச் சான்றிதழ் மட்டும் இல்லை. அதை வழங்கும் கோட்டாட்சியர் அலுவலகத்தில் தந்தையின் சான்றிதழைக் கேட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடமே போகாத அவரிடம் அது எப்படி இருக்கும்? மூன்று முறை மலையிறங்கி அலைந்தும் கிடைக்காமல், விண்ணப்பத்துக்கான கடைசி நாள் கடந்துபோனது. "சார், அடுத்த வருசம் விண்ணப்பம் போடலாமா?" என்று அவள் கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை.

நம் சட்டமன்றத்தில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை ஏற்காடு, சேந்தமங்கலம் என இரண்டே தொகுதிகள். இரண்டுமே தென்மாவட்டங்களுக்கு வெளியே உள்ளவை. ஆகவே எங்கள் பகுதி மலைமக்களுக்காகப் பேச, வன உரிமைச் சட்டத்தைப் படித்தறிந்த வழக்கறிஞர்கள் அவர்களுக்குள்ளிருந்தே வந்தாக வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாவதற்கு முன்பே கோட்டாட்சியர்கள் மலைக் கிராமங்களுக்கு நேரில் சென்று, அங்கேயே விசாரித்து, சான்றிதழ் வழங்க அரசு உத்தரவிட வேண்டும். அந்த மாணவி இவ்வாண்டும் விண்ணப்பிக்கக் காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்,
மதுரை.