புல்லி இரண்டும் அனுப்பியிருக்கிறேன்

கண்ணு,

பார்சலைப் பிரித்ததும் மேலே இருக்கும் பருப்புப் பொடியும் முருங்கைக்கீரைப் பொடியும் அம்மா கட்டியது. அதற்கடியில் பேப்பரில் சுற்றியிருப்பவை உன் படுத்து ஓட்டும் சைக்கிளுக்கு நீ கேட்ட செயின் புல்லிகள், நீளச் செயினைத் தாங்கும் உருளைகள். அங்கே நெதர்லாந்தில், க்ரோனிங்கன் கடையில் விலையைப் பார்த்துவிட்டு “ஒரு சின்ன உருளைக்கா இவ்வளவு?” என்று போனில் சொன்னாயே, அப்போதே நஞ்சப்பா ரோட்டுக்குப் போய் வெள்ளை நைலான் ராடு வாங்கிவந்து லேத்தில் போட்டுவிட்டேன். போல்ட் எத்தனை மில்லி என்று நீ எழுதவில்லை. அதனால் ஒன்றில் 608 பேரிங், அது 8 மில்லி போல்ட்டுக்கு. இன்னொன்றில் 6000, அது 10 மில்லிக்கு. எது சேருதோ அதை மாட்டு. பேரிங்குக்கு இரண்டு பக்கமும் சின்ன வாஷர் வை. அது உள்வளையத்தை மட்டும்தான் தொட வேண்டும். பெரிய வாஷராக வைத்தால் வெளிவளையத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், புல்லி சுற்றாது.

கியர் மாற்றியில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் சக்கரத்தையே கழற்றி அங்கே போடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். மேலே ஓடுவது இழுவைச் செயின், நீ மிதிக்கும் பலம் முழுக்க அதில்தான் போகிறது. அந்தச் சின்னச் சக்கரம் தொய்வு எடுக்க மட்டும் லாயக்கு. இழுவையில் வைத்தால் கத்தும், சீக்கிரம் தேயும். கீழே திரும்பி வரும் செயினுக்குப் பிளாஸ்டிக் குழாய் போதும். குழாயின் இரண்டு முனையையும் சூடுகாட்டிக் கொஞ்சம் விரித்துவிடு, இல்லையென்றால் செயின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டே இருக்கும்.

செயினில் காசு மிச்சம் பிடிக்கலாம். சாதா சைக்கிள் செயின் மூன்று வாங்கிச் சேர்த்தால் உன் வண்டிக்கு வேண்டிய நீளம் வந்துவிடும், மிஞ்சினதை வைத்துக்கொள். மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே ரகமாக இருக்கட்டும். எட்டு கியர் ரகமே போதும். அத்தனை நீளத்தில் ஒவ்வொரு லிங்கும் பல்லில் ஏறி இறங்குவது குறைவு, அதனால் ரொம்ப நாள் உழைக்கும். சீட்டுக்கும் விலை கொடுத்து வாங்காதே, கூடாரத்துக்கு விரிக்கும் ஃபோம் பாய் ஒன்றை வெட்டி இரண்டு அடுக்காக வை.

ஆனால் பிரேக்கில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதே. படுத்து ஓட்டும் வண்டிக்குப் பின் பிரேக் கேபிள் சாதா நீளம் எட்டாது. இரண்டு பேர் மிதிக்கும் வண்டிக்கு விற்கும் நீளக் கேபிள் ஒன்றே ஒன்று, ஒட்டு இல்லாமல் வாங்கு. இரண்டு துண்டைக் கிளிப் போட்டு இணைக்கிற யோசனை உனக்கு வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கூடாது. பிரேக் கட்டையும் புதுசாகப் போடு.

வண்டியை நீ பழசாக வாங்கியதில் எனக்குக் குறை இல்லை. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்னால் 20 அங்குலம், பின்னால் 26, நல்ல ஜாதி வண்டிதான். பின் சக்கரத்தின் பெண்டை நீயே எடுத்ததாகச் சொன்னாய். எட்டாம் வகுப்பில் பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து கம்பியை ஒவ்வொன்றாக விரலால் சுண்டி, சத்தத்தை வைத்தே எது தொய்வு என்று சொன்ன பெண் நீ. எனக்கு அது பிடிபட எத்தனை வருஷம் ஆனது தெரியுமா? எதிர்வீட்டுக்காரர் “படுத்துக்கொண்டு ஓட்டுவதெல்லாம் ஒரு சைக்கிளா?” என்றார். காலேஜில் படிக்கும்போது நீ எனக்குச் சொன்னதையே அவருக்குச் சொன்னேன். 1933இல் பாரிசில் ஃபிரான்சிஸ் ஃபோர் இப்படி ஒரு வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்கு மேல் போய் அதுவரை இருந்த சாதனையை முறியடித்தார், அடுத்த வருஷமே இது சைக்கிள் கணக்கில் சேராது என்று பந்தயச் சங்கம் ஒதுக்கி வைத்துவிட்டது. அதற்கப்புறம் அவர் பேசவில்லை.

எதிர்காற்றுக்கு நல்லது, அதனால்தான் வாங்கினேன் என்றாய். உன் ஊர்க் காற்றுக்கு அது சரியான பேச்சுதான், உடம்பு தாழ்ந்து கிடந்தால் காற்றில் முட்டுவது குறையும். ஆனால் கண்ணு, அந்தக் காற்று நீ போன வருஷத்திலிருந்தே அடிக்கிறது. அப்போதெல்லாம் நிமிர்ந்து உட்காரும் சைக்கிளில்தானே வேலைக்குப் போனாய்?

முன்பெல்லாம் வீடியோவில் வந்தால் தரையில் சம்மணம் போட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பேசுவாய். இப்போது அடுப்பு மேடையில் கையை ஊன்றி நின்றுகொண்டே பேசுகிறாய். “உட்காரேன்” என்று அம்மா சொன்னால் கேமராவைச் சைக்கிள் பக்கம் திருப்பிவிடுகிறாய். போனில் கேட்டால் அம்மா காதில் விழும், அப்புறம் அவள் ராத்திரி தூங்க மாட்டாள். அதனால்தான் எழுதுகிறேன். பெரியப்பாவும் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றேதான் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பெடல் இருக்கும் முன்குழாயை எவ்வளவு இழுத்து வைப்பது என்று கேட்டாய். குதிகாலைப் பெடலில் வைத்துக் காலை நீட்டினால் முட்டி நேராக வேண்டும். அப்புறம் முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கி நிற்கும். அதற்கு மேல் தள்ளி வைத்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடும். இடுப்பு ஆடக்கூடாது, உனக்கு இப்போது ஆடவே கூடாது. ரொம்பக் கிட்டே வைத்தாலும் முட்டி போய்விடும். ஒரு சென்டிமீட்டர் மாற்றி, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, அப்புறம் அடுத்த சென்டிமீட்டர். குழாயை நகர்த்தினால் செயின் நீளமும் மாறும், அதைக் கடைசியில் வெட்டு.

பெரிய கியரில் போட்டு முதுகைச் சீட்டில் முட்டுக்கொடுத்து உந்தாதே. இந்த வண்டியில் எழுந்து நின்று மிதிக்க முடியாது, பாலம் ஏறும்போது அந்த ஆசை வரும். பின் பல்சக்கரத்தில் பெரிய பல் 34 இருக்கிறதா பார், இல்லாவிட்டால் மாற்று, சின்ன கியரில் வேகமாகச் சுற்று. பெடலுக்கு டோ கிளிப், அதாவது பாதத்தைப் பெடலோடு பிடித்து வைக்கும் பிடி, கட்டாயம் போடு. ஓடும்போது கால் நழுவித் தரையில் பட்டால் அப்படியே வண்டிக்கடியில் இழுத்துவிடும். இடது பக்கம் கண்ணாடி, பின்னால் உயரமான கொடி. லாரிக்காரன் கண்ணுக்கு நீ தெரிய வேண்டும். பிரேக் கேபிள் ஒட்டு இல்லாமல் வாங்கு, சொல்லிவிட்டேன்.

பின் கேரியருக்கு வெல்டு வைக்கப் போவதாகச் சொன்னாயே, முதலில் ஃபிரேமில் ஒரு காந்தத்தை வைத்துப் பார். ஒட்டவில்லையென்றால் அலுமினியம், அதன் பக்கத்தில் யாரையும் வெல்டிங் மெஷினோடு விடாதே. சூடு பட்ட இடம் பலம் போய் ஒருநாள் சொல்லாமல் விடும். ஒட்டினாலும்கூட எனக்குச் சம்மதமில்லை. பட்டைக் கிளாம்ப் போட்டு முடுக்கிக்கொள், ஓட்டையும் போடாதே. இங்கே இருந்தால் நானே பிடித்துக் கொடுத்திருப்பேன்.

இவ்வளவு சிக்கனம் எதற்கு என்று யோசித்துப் பார்த்தேன். மாசாமாசம் இங்கே அனுப்புவதை இந்த மாதமும் அடுத்த மாதமும் அனுப்பாதே. பம்ப் ஷாஃப்ட் வேலை வந்துகொண்டுதான் இருக்கிறது, அம்மா மாத்திரைக்கு அது போதும். அந்தப் பணத்தில் டாக்டரைப் பார். பார்த்திருந்தால் என்ன சொன்னார் என்று எழுது. ஸ்கேன் எடுத்தார்களா, எந்த எலும்பு என்றார்கள், கால் மரத்துப் போகிறதா, எல்லாம் எழுது. படுத்த வண்டி முதுகுக்கு நல்லது என்று நீயாகவே முடிவு செய்து இறங்கியிருந்தால் எனக்குக் கோபம் வரும். நாலு ஊர் அறியத் தொழில் தெரிந்தவள் நீ, ஒரு பேரிங் கத்தினால் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டாய், உன் உடம்பை மட்டும் ஏன் அப்படி விடுகிறாய்?

பதிலை வாட்ஸ்ஆப்பில் போடாதே, அம்மாதான் முதலில் பார்க்கிறாள். பட்டறை விலாசத்துக்கு எழுது. எந்தப் புல்லி சேர்ந்தது என்பதையும் அதிலேயே எழுது, அதே அளவில் உபரியாக ஒன்று கடைந்து வைக்கிறேன்.

அப்பா