தமிழ் மின்னூல் வெளியிடுவோருக்கு: எங்கள் தேடலுக்கு அகப்படும்படி ஏற்றுங்கள்

தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு இணையத்தில் ஏற்றும் நூலகங்களுக்கும் பதிப்பகங்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் வணக்கம்.

உங்கள் உரைக்கோப்புகளில் சொல் தேடுவது என் அன்றாட வேலை. கணினியில் கட்டளை தட்டும் முனையத்தில், உரைக்குள் சொல் தேடும் கிரெப் (grep) கட்டளையோடு ஒரு சொல்லைக் கொடுத்தால், நூற்றுக்கணக்கான நூல்களில் அது வரும் வரிகளெல்லாம் உடனே வந்துவிடுகின்றன. யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன் இதை எழுதிய கதையை அவருடைய சக பணியாளர் பிரையன் கெர்னிகன் சொல்லியிருக்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்க அரசியல் கட்டுரைகளான ஃபெடரலிஸ்ட் தொகுப்பில் எதை யார் எழுதினார் என்று ஆராய்ந்த லீ மக்மஹோனுக்கு, அன்றைய எடிட்டரில் அவ்வளவு பெரிய உரையைத் திறக்க முடியவில்லையாம்; அதனால் தாம்ப்சன் தேடலை மட்டும் தனிக் கருவியாக்கினாராம். பழைய நூலைத் துருவுவதற்கென்றே பிறந்த கருவி என்று இதைச் சொல்வேன்.

தமிழில் அது பாதியைத் தவறவிடுகிறது. 'கொடி' என்று தேடுகிறேன். ககரத்தின் பின் ஒகரக் குறி ஒரே குறியாக இருக்கலாம். ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. யூனிகோடும் இரண்டையும் சமமென்றே கொள்கிறது. கிரெப் சேமித்த குறியீட்டை மட்டும் ஒப்பிடுவதால், நான் ஒரு விதமாகத் தட்டினால் மற்ற விதத்தில் இருப்பவை வருவதில்லை. டிஸ்கி போன்ற, யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியீட்டு முறைகளிலிருந்து அவசரமாக மாற்றிய கோப்புகளில் இந்தப் பிளவு மிகுதி. பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் கொடுமை. 'இந்நூலில் அச்சொல் இல்லை' என்று ஆய்வாளர் எழுதிவிடுவார். அது அச்சிலும் ஏறிவிடும்.

இதற்குத் தீர்வு எளிது. ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு கோப்பையும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு, அதாவது இப்படிப் பிரிந்த குறிகளை ஒரே குறியாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவத்துக்கு, மாற்றுங்கள். பைத்தான் நிரல்மொழியில் அதற்கான வசதி உடனிருக்கிறது; சில வரி நிரல் போதும்.

ஔகாரத்தில் வரும் ஒரு பிழைக்கு மட்டும் அது உதவாது. 'கௌரவம்' என்பதை ஒற்றைக்கொம்பும் ளகரமுமாக, 'கெளரவம்' என்று தட்டியவர்கள் ஏராளம். யூனிகோடுக்கு அவை வேறு வேறு சொற்கள். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றினால் கெளுத்தி மீனும் தெளிவும் வெள்ளியும் கெட்டுப்போகும். கொம்புக்குப் பின் ளகரம் வந்து, அதையடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத இடங்களை மட்டும் கிரெப்பாலேயே பொறுக்கியெடுக்கலாம். அந்தப் பட்டியலைத் தமிழறிந்த ஒருவர் பார்த்துத் திருத்த வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய முடியாதென்றால் அகராதிகளிலும் நிகண்டுகளிலும் தொடங்குங்கள். திருத்திய கோப்பின் தலைப்பில் திருத்திய நாளைக் குறித்துவிடுங்கள். எங்கள் பழைய பிரதிகளை மாற்றிக்கொள்வோம்.