நம் ஊர் மூளைக்கட்டி அந்த இயந்திரத்துக்குத் தெரியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும்போதே மூளையில் இருப்பது என்ன கட்டி என்று செயற்கை நுண்ணறிவு இரண்டு மூன்று நிமிடத்தில் சொல்லிவிடுகிறது என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். நான் ஒரு மருத்துவமனையின் பேத்தாலஜி லேபில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வுபெற்றவன். தியேட்டரிலிருந்து வரும் சதைத்துண்டை உறையவைத்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, திசுவைப் பார்த்து நோயைச் சொல்லும் டாக்டரான பேத்தாலஜிஸ்ட்டின் மைக்ராஸ்கோப்புக்குக் கீழே கொண்டுபோய் வைப்பதுதான் என் வேலையாக இருந்தது. அதனால் அந்தக் கட்டுரையை வரி விடாமல் படித்தேன். வேகத்தைப் பற்றி நிறைய எழுதியிருந்தார்கள், இனி பேத்தாலஜிஸ்ட்டுக்கு வேலை இருக்காது என்ற தொனியும் தெரிந்தது. எழுத வேண்டிய சில முக்கியமான விஷயங்கள் விட்டுப்போயிருக்கின்றன என்று நினைக்கிறேன்.

முதலில், ஆபரேஷன் நடக்கும்போதே ஏன் தெரிய வேண்டும்? ஸ்கேன் எவ்வளவு நன்றாக எடுத்தாலும் சில கட்டிகள் ஒன்றைப் போலவே இன்னொன்று தெரியும். மூளையில் வரும் லிம்போமா என்ற வெள்ளையணுப் புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முக்கிய சிகிச்சை மருந்துதான், கட்டியை முழுக்க வெட்டி எடுப்பதால் பெரும்பாலும் பெரிய பலன் இல்லை, சிறு துண்டு எடுத்து உறுதிசெய்துவிட்டு மண்டையோட்டை மூடிவிடலாம். அதே இடத்தில் இருப்பது மூளையின் தாங்குசெல்களில் உருவாகும் கிளையோமா என்றால் பேச்சுக்கும் கைகாலுக்கும் பாதிப்பு வராமல் எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவு எடுப்பது நோயாளிக்கு நல்லது. மண்டையைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் சர்ஜன் வெட்டுவதா நிறுத்துவதா என்று முடிவெடுக்க வேண்டிய நேரம் அது.

இதற்கு நூறு வருடத்துக்கும் மேலாக இருக்கும் வழிதான் ஃப்ரோஸன் செக்ஷன். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் 1905இல் லூயி வில்சன் என்ற டாக்டர் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இன்று கிரையோஸ்டாட் என்ற கருவியில் கிட்டத்தட்ட மைனஸ் 20 டிகிரியில் துண்டை உறையவைத்துச் சீவுகிறோம். துண்டு தியேட்டரை விட்டுக் கிளம்பியதிலிருந்து பேத்தாலஜிஸ்ட் போனில் பதில் சொல்வது வரை சாதாரணமாக 20லிருந்து 30 நிமிடம் ஆகும். மூளைத் திசுவில் தண்ணீர் அதிகம், உறையும்போது உள்ளே ஐஸ் படிகம் உண்டாகும். ஃப்ரீசரில் வைத்த தக்காளியை வெளியே எடுத்தால் எப்படித் தொளதொளத்துப் போகிறதோ அப்படித்தான் செல்களும் சிதைந்து ஓட்டை ஓட்டையாகத் தெரியும், அதை வைத்துக்கொண்டு கட்டி எந்த வகை என்று சொல்ல வேண்டும். அதனால்தான் மூளைக்கு ஸ்குவாஷ் ஸ்மியரும் சேர்த்துப் போடுவோம், துளி திசுவை இரண்டு ஸ்லைடுக்கு நடுவில் நசுக்கிப் பார்ப்பது. இதையெல்லாம் பார்த்துச் சரியாகச் சொல்லிவிடும் பேத்தாலஜிஸ்ட்டுகளின் கண்ணுக்கு நான் என்றும் தலைவணங்குவேன்.

புதிய முறையில் உறையவைப்பதும் இல்லை, சாயமும் இல்லை. எடுத்த துண்டை அப்படியே ஒரு ஸ்லைடில் அழுத்தி, தியேட்டருக்குள்ளேயே அல்லது பக்கத்து அறையில் இருக்கும் கருவியில் வைக்கிறார்கள். இரண்டு லேசர் கதிர்கள் திசுவின் மேல் விழுகின்றன. கொழுப்பும் புரதமும் அந்த ஒளிக்கு வேறு வேறு விதமாக அதிர்கின்றன, அந்த வித்தியாசத்தை வைத்துப் படம் உருவாகிறது, பேத்தாலஜிஸ்ட்டுக்குப் பழக்கமான ஊதா, இளஞ்சிவப்பு நிறங்களை அதற்குக் கம்ப்யூட்டர் கொடுக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் செயற்கை நுண்ணறிவு கட்டியின் வகையைச் சொல்கிறது. இந்தப் படத்தின் அடிப்படை ராமன் விளைவு, அதாவது ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது அதில் ஒரு சிறு பகுதி நிறம் மாறுவது. எங்கள் திருச்சிக்கு அடுத்த திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து கல்கத்தாவில் 1928 பிப்ரவரி 28இல் கண்டறிந்தது. தமிழ்ப் பத்திரிகையில் வந்த கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட ஒதுக்காதது எனக்கு வருத்தம்தான். ராமன் பார்த்த அந்த ஒளி மிகவும் மங்கலானது, அதை மட்டும் நம்பிப் படம் எடுத்தால் நேரம் போதாது. இரண்டாவது லேசரைச் சேர்த்து அந்தச் சமிக்ஞையைப் பலமாக்கிப் படமெடுக்கும் வழியை 2008இல் ஹார்வர்டில் சன்னி ஷியே குழுவினர் காட்டினார்கள், அங்கிருந்துதான் இது தியேட்டருக்குள் வர வழி பிறந்தது.

இப்போது கட்டுரையில் இருந்த எண்களுக்கு வருகிறேன். அமெரிக்காவில் மிச்சிகன், கொலம்பியா, மியாமி பல்கலைக்கழகங்கள் என மூன்று இடங்களில் 278 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2020 ஜனவரியில் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. டாட் ஹோலன், டேனியல் ஓரிஞ்சர் குழுவினருடையது. 415 நோயாளிகளிடமிருந்து கிடைத்த 25 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைக் காட்டி இயந்திரத்தைப் பழக்கியிருந்தார்கள். இயந்திரம் 150 விநாடிக்குள் பதில் சொல்லி 94.6 சதவீதம் சரியாகச் சொன்னது, வழக்கமான முறையில் பேத்தாலஜிஸ்ட்டுகள் 93.9 சதவீதம். உங்கள் கட்டுரை இந்த இரண்டு எண்ணையும் போட்டுவிட்டு இயந்திரம் ஜெயித்துவிட்டது என்று முடித்துவிட்டது. சரி, இந்த வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லையே! அதே ஆய்வில் இதைவிடப் பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. பேத்தாலஜிஸ்ட்டுகள் தவறவிட்ட கேஸ்களை இயந்திரம் சரியாகச் சொன்னது, இயந்திரம் தவறவிட்டவற்றைப் பேத்தாலஜிஸ்ட்டுகள் சரியாகச் சொன்னார்கள். ஒருவர் சறுக்கிய இடத்தில் இன்னொருவர் சறுக்கவில்லை. இதைப் படித்த பிறகு யாராவது பேத்தாலஜிஸ்ட்டை வீட்டுக்கு அனுப்பலாம் என்று சொல்வார்களா? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டால்தான் நோயாளிக்கு லாபம்.

அதற்குப் பிறகும் வேலை நிற்கவில்லை. 2024இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வில், ஃபாஸ்ட்கிளையோமா என்ற செயற்கை நுண்ணறிவை, கட்டியை எடுத்த பிறகு ஓரத்தில் புற்றுநோய்ச் செல்கள் மிச்சம் இருக்கின்றனவா என்று 10 விநாடியில் சொல்லப் பழக்கியிருந்தார்கள், வழக்கமான வழிகள் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு தவறவிட்ட ஆபத்தான மிச்சத்தை இது 3.8 சதவீதம்தான் தவறவிட்டது. எனக்கு இதுதான் உண்மையிலேயே பெரிய விஷயமாகப் படுகிறது, ஏனென்றால் கிளையோமா திரும்பி வருவது பெரும்பாலும் அந்த ஓரத்திலிருந்துதான்.

இனி, நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்த காரணம். 2020 ஆய்வின் இயந்திரத்துக்கு விடையாகச் சொல்ல 13 பெட்டிகள் இருந்தன, கிளையோமா, மெனிஞ்சியோமா என்ற மூளையுறைக் கட்டி, லிம்போமா, வேறு உறுப்பிலிருந்து பரவிய கட்டி, சாதாரண மூளைத் திசு என்று. அவற்றில் காசநோய்க் கட்டிக்கு ஒரு பெட்டி இல்லை. அமெரிக்காவில் அது அரிது, அவர்கள் மேல் குற்றமும் இல்லை. ஆனால் உலகத்தில் காசநோய் வருபவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். மூளையில் வரும் இந்தக் காசநோய்க் கட்டி, அதாவது ட்யூபர்குலோமா, ஸ்கேனில் பார்த்தால் புற்றுநோய் போலவே வளையமாகத் தெரியும், புற்றுநோய் என்று பயந்து மண்டையைத் திறந்தால் உள்ளே இருப்பது காசநோயாக இருக்கும், வெளியே போய் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டால் சரியாகக்கூடிய நோய். ஃப்ரோஸனில் அதைப் பார்த்ததும் எங்கள் பேத்தாலஜிஸ்ட் போனில் முதலில் சொல்வது, "மிச்சத் துண்டை ஃபார்மலினில் போட்டுவிடாதீர்கள், கல்ச்சருக்கு அனுப்புங்கள்" என்பதுதான். திசு கெடாமல் வைக்கும் திரவமான ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் பார்க்க முடியாமல் போகும். அப்புறம் எங்களைக் கூப்பிட்டு கிரையோஸ்டாட்டைச் சுத்தம் செய்யச் சொல்வார். அந்த ஒரு போன்காலில் இவ்வளவு இருக்கிறது.

அந்த ஆய்வாளர்கள், இயந்திரம் தான் கற்றதிலிருந்து விலகிய திசுவைப் பார்த்தால் அதைத் தனியாகக் காட்டும்படியும் செய்திருந்தார்கள், அது பொறுப்பான வேலை. ஆனால் அவர்களுக்கு அபூர்வமாக வருவது இங்கே வாடிக்கையாக வரும். வாடிக்கையாக வருவதை இயந்திரம் தெரியாது என்று ஒதுக்கினாலோ, அதைவிட மோசமாக ஏதாவது ஒரு புற்றுநோய்ப் பெட்டிக்குள் தள்ளினாலோ, வாங்கிய கருவியால் நமக்கு என்ன பயன்?

எனக்கு இந்தக் கருவி வேண்டும். ராத்திரி அவசர ஆபரேஷனில் நரம்பியல் பேத்தாலஜிஸ்ட் இல்லாத ஊர்கள் எத்தனையோ இருக்கின்றன, அங்கே எடுத்த படத்தை நெட்டில் அனுப்பி இன்னொரு ஊரில் இருக்கும் நிபுணர் உடனே பார்க்க முடியும் என்பதே பெரிய உதவி. சாயமும் ஃப்ரீஸரும் தொடாத அந்தத் துண்டு பிறகு செய்ய வேண்டிய மற்ற டெஸ்ட்டுகளுக்கும் மிஞ்சும். ஆனால் வாங்குவதற்கு முன் நம் மருத்துவமனைகளில் நம் நோயாளிகளின் துண்டுகளை வைத்துச் சோதிக்க வேண்டும், ட்யூபர்குலோமாவையும் நாடாப்புழுவால் மூளையில் வரும் கட்டியையும் கற்றுக்கொடுக்க வேண்டும், விடையைச் சரிபார்க்கப் பேத்தாலஜிஸ்ட் உட்கார வேண்டும். அந்தப் பதவிகள் காலியாக இருந்தால் முதலில் அவற்றை நிரப்ப வேண்டும்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தத் தலைப்பில் அடுத்த கட்டுரை எழுதும்போது உங்கள் நிருபரை ஒரு அரசு மருத்துவமனையின் பேத்தாலஜி துறைக்கு அனுப்புங்கள். கருவி விற்பவர்களிடமும் கேளுங்கள்: இதை எந்த நாட்டு நோயாளிகளிடம் சோதித்தீர்கள், காசநோய்க் கட்டியைக் காட்டினால் என்ன பதில் வருகிறது, தவறான பதில் வந்தால் யார் பொறுப்பு என்று. அவர்கள் சொல்லும் பதிலை அப்படியே அச்சிடுங்கள், நாங்கள் படிக்கக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
திருச்சி