கெண்டைக்கால் வலியோடு ஏழாவது ஆட்டம்

ஆசிரியருக்கு,

2025 என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) பைனல் செய்தியில் இந்தியானா பேசர்ஸ் வீரர் டைரீஸ் ஹாலிபர்ட்டனை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! 2025 ஏப்ரலில் வெளியான ரகசிய வாக்கெடுப்பில், ‘அளவுக்கு மீறிப் புகழப்படுபவர்’ என்று என்பிஏ வீரர்களே அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். சரி, அவர் பதில்? பைனலின் முதல் ஆட்டத்தில் 0.3 வினாடி மிச்சமிருக்கும்போது பந்தைக் கூடைக்குள் போட்டு, தன் அணியை 111-110 என ஜெயிக்க வைத்தார். அந்த ஆட்டத்தில் அணி முன்னிலை பெற்றதே அப்போதுதான்!

கெண்டைக்காலில் வலி இருந்தும், பட்டத்தைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டத்தில் இறங்கினார். மூன்று முறை மூன்று புள்ளி வீச்சு. அப்புறம், முதல் கால் பகுதியிலேயே வலது குதிகால் தசைநார் அறுந்தது. தரையைக் கையால் அடித்தபடி கிடந்தார். பட்டம் எதிரணியான ஓக்லஹோமா சிட்டி தண்டருக்கு. அப்போது 25 வயதுப் பையன், அடுத்த சீசன் முழுக்க ஆடவில்லை. அவரே விரும்பி இறங்கியிருக்கலாம். தடுக்க ஒருவரும் இல்லையா?

– ஒரு வாசகர்