பூட்டு ஊரிலிருந்து ஒரு கடிதம்

திண்டுக்கல்,
நவம்பர் 9

அன்புள்ள பிளம்பருக்கு,

எட்டு மாதமாக நான் எழுதவில்லை. நீ இரண்டு முறை தொலைபேசியில் அழைத்தபோதும் இரவு பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு அந்த இரவை வரவிடவே இல்லை. கோபம் இருந்தால் திட்டிக்கொள், ஆனால் கடிதத்தை முழுதாகப் படித்துவிட்டுத் திட்டு. பேத்தி பிறந்த செய்தியை நாகர்கோவில்காரி சொன்னாள். வாழ்த்துகள். மூக்கு அப்படியே உன் மூக்காம். குழந்தை பாவம், வளர்ந்து சரியாகட்டும். இங்கே அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பையன் ஓசூரிலேயே இருக்கிறான். அத்தையைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

போன மாதம் பெங்களூரில் ஒரு கடைக்கு 48 புட்டி சீயக்காய்க் கரைசல் அனுப்பினேன், ஒவ்வொன்றும் 250 மில்லி. தீபாவளி எண்ணெய்க் குளியலுக்காக அந்தக் கடைக்காரர் முதன்முதலாகக் கேட்ட சரக்கு. நான்கு அட்டைப்பெட்டிகளில் அடுக்கி லாரி பார்சலில் போட்டோம். மறுநாள் காலை அவர் அனுப்பிய படங்களைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. பெட்டிகளின் அடிப்பக்கம் ஊறிப் பிய்ந்திருந்தது. 48 புட்டிகளில் 31இன் பம்புத் தலை எழும்பி நின்றது.

உனக்குத் தெரிந்த பம்புதான். கைகழுவும் திரவப் புட்டியில் இருக்குமே, தலையை அழுத்தி வலப்பக்கம் திருகினால் கழுத்துக்குள் அமர்ந்துகொள்ளும், இடப்பக்கம் திருப்பினால் துள்ளி மேலே வரும், அதேதான். பார்சலில் போகும்போது தலை உள்ளேயே இருக்க வேண்டும். எழும்பிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். புட்டிகள் நிமிர்ந்து நிற்கின்றன, மேலே இன்னொரு பெட்டியின் எடை. லாரி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் மேல்பெட்டி ஓர் அழுத்து அழுத்தியிருக்கிறது. ஒரு அழுத்துக்குச் சுமார் 2 மில்லி. ஓசூர் தாண்டும்வரை என் சரக்கு தன்னைத் தானே இறைத்துக்கொண்டே போயிருக்கிறது. சில புட்டிகளில் 70 மில்லி குறைந்திருந்தது.

கடைக்காரர் நல்லவர். உலர்ந்திருந்த 17ஐ வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திருப்பினார், ஒரு கடுஞ்சொல் இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. என்னிடம் வேலை செய்யும் இரண்டு பெண்களில் சின்னவள் அழுதேவிட்டாள். விசாரித்தால், பம்பு வேலை செய்கிறதா என்று ஒவ்வொன்றையும் திறந்து, திரவம் வரும்வரை அழுத்திப் பார்த்து, துடைத்து, மறுபடி திருகிப் பூட்டியிருக்கிறார்கள். யாரும் சொல்லாமல் அக்கறையோடு செய்த வேலை. அவர்களை நான் எப்படிக் கடிந்துகொள்வேன்?

அன்று இரவு அவர் தூங்கிய பிறகு, செய்தித்தாளை விரித்து ஒரு பம்பைக் கழற்றிப் போட்டேன். நம் விடுதியில் மூன்றாம் மாடிக் குழாய் கொட்டிய இரவு நீ தரையில் உட்கார்ந்து செருப்பை வெட்டி வாஷர் செய்தாயே, அந்த நினைவுதான். (அது யாருடைய செருப்பு என்பதை நான் இன்றுவரை எவரிடமும் சொல்லவில்லை.) தலை, அதன் கீழே உள்ளீடற்ற தண்டு, கழுத்தில் திருகும் வளையம், ஒரு மெல்லிய வாஷர், சிறு கூடு, அதற்குள் ஒரு ஸ்பிரிங், கடுகைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு குண்டு, அடிவரை நீளும் குழாய். அந்தக் குண்டைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் தெரியுமா? இது நம் ஊர் அடிகுழாய்தானே! அழுத்தும்போது குண்டு கீழ்த்துளையை அடைத்துக்கொள்கிறது, கூட்டில் இருக்கும் திரவம் வேறு வழியில்லாமல் தண்டு வழியே வெளியே போகிறது. விட்டதும் ஸ்பிரிங் தண்டை மேலே தள்ளுகிறது, கூட்டுக்குள் வெற்றிடம், குண்டு எழும்புகிறது, அடியிலிருந்து திரவம் ஏறுகிறது. எங்கள் தெருமுனைக் குழாயில் முதலில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் அடிப்போம். புதுப் புட்டியில் முதல் மூன்று நான்கு அழுத்துகளுக்குக் காற்று மட்டுமே வருவதும் அதே கதைதான். கூடு நிரம்ப வேண்டும்.

இவ்வளவு நுட்பம் உள்ள பொருள் எனக்கு ஒன்று 9 ரூபாய்க்கு வருகிறது. ஆறு மாதத்துக்கு முன்புவரை 11 ரூபாய் கொடுத்து வேறோர் இடத்தில் வாங்கிக்கொண்டிருந்தேன். 2 ரூபாய் மிச்சம் என்று மாற்றினேன். இரண்டுக்கும் ஒரே 28 மில்லிமீட்டர் கழுத்து, ஒரே வெள்ளை நிறம், ஒரே தோற்றம். வித்தியாசத்தைக் கண்டுபிடித்தது நான் இல்லை, எதிர்வீட்டுப் பெரியவர்.

அவர் 40 ஆண்டு பூட்டுப் பட்டறையில் இருந்தவர். மாங்காய்ப் பூட்டு செய்த கை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார் என்று அப்போது எழுதியிருந்தேனே, அவர்தான். பம்பைக் கொடுத்தேன். திருகினார், திருப்பினார், காதருகே வைத்து மறுபடி திருகினார். "இதில் பூட்டே இல்லையே அம்மா. வெறும் மரைதான் இருக்கிறது" என்றார். எனக்குப் புரியவில்லை. விளக்கினார். மரை என்றால் திருகுகிற சுற்றுவரி. பூட்டு என்றால் தடை இருக்க வேண்டும். தானாகத் திரும்பிவராதபடி எதன்மீதாவது மோதி நிற்க வேண்டும். இதில் உள்ளே ஸ்பிரிங் ஓயாமல் மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது, தலையைப் பிடித்துவைத்திருப்பது மரையின் உராய்வு மட்டும்தான். குலுக்கினால் மயிரிழை மயிரிழையாகத் தளரும். அதிலும் அந்தப் பெண்கள் துடைத்துப் பூட்டிய பம்புகளில் மரைக்குள் சீயக்காய்க் கரைசல் படிந்திருக்கிறது. சோப்பு நுரைக்கிற வழவழப்பு. எண்ணெய் போட்டதுபோல் இன்னும் சுலபமாகச் சுழன்றிருக்கும்.

பிறகு என்னிடம் மிச்சமிருந்த பழைய 11 ரூபாய்ப் பம்பைத் திருகிப் பார்த்தார். முடிவில் "டக்" என்று ஒரு சத்தம். மரை முடியும் இடத்தில் நகக்கண் அளவுகூட இல்லாத ஒரு மேடு. தலை அதைத் தாண்டி விழுந்தால் தானாகத் திரும்பாது. அந்த மேட்டுக்குத்தான் 2 ரூபாய்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. கையில் கிடைத்த பம்பையெல்லாம் பிரித்துக்கொண்டிருக்கிறேன். இன்னொரு குற்றமும் அகப்பட்டது. திரும்பிவந்த புட்டிகளில் சிலவற்றை இரண்டு வாரம் கழித்து அழுத்தினால் முதல் சொட்டு கறுப்பாக வந்தது. கரைசலில் கடுக்காயும் நெல்லியும் இருக்கின்றன. நீயே சொல், இரும்புச் சட்டியில் நெல்லிப்பொடியும் மருதாணியும் ஊறினால் என்ன நிறம் வரும்? அதேதான் கூட்டுக்குள் நடந்திருக்கிறது. ஸ்பிரிங் திரவத்திலேயே மூழ்கிக் கிடக்கிறது, நல்ல எவர்சில்வராக இல்லாவிட்டால் கடுக்காய் சும்மா விடுமா? மூன்று வருடம் வேதியியல் படித்தவள் இதை முன்பே யோசித்திருக்க வேண்டும். தலைக்குப் போடுகிற பொருள். தெரியாத உலோகம் கரைந்த சொட்டை யாரோ ஒரு பெண் தன் குழந்தையின் தலையில் தேய்த்திருப்பாளோ என்று நினைக்கும்போது வயிற்றைப் பிசைகிறது. அந்தப் பம்பு போட்ட புட்டிகள் உள்ளூர்க் கடைகளுக்கும் போயிருந்தன. எல்லாவற்றையும் திரும்ப எடுத்துவிட்டேன். பணம் போனது போகட்டும்.

பாத வெடிப்புக் களிம்பு வேறு தொல்லை. அது இந்தப் பம்பில் ஏறவே மறுக்கிறது. குழாயைச் சுற்றி மட்டும் ஒரு குழி விழுகிறது, பிறகு காற்றுத்தான் வருகிறது, கால் பங்கு களிம்பு சுவரிலேயே தங்கிவிடுகிறது. களிம்புக்கென்று வேறு வகை இருக்கிறது. அதில் குழாயே கிடையாது. ஒவ்வொரு அழுத்துக்கும் அடித்தட்டு மேலே நகர்ந்து களிம்பைத் தூக்கிக்கொண்டு வருகிறது, உள்ளே காற்றுக்கு இடமே இல்லை. பார்க்க அவ்வளவு அழகு! விலைதான் எனக்கு எட்டவில்லை. களிம்பை இப்போதைக்கு அகலவாய் டப்பாவிலேயே விற்கிறேன்.

ஒரு கதை படித்தேன், உனக்குப் பிடிக்கும். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் மின்னடோங்கா என்று ஒரு சிறிய நிறுவனம். அதன் தலைவர் ராபர்ட் டெய்லர் 1980இல் பம்பு வைத்த திரவ சோப்பை நாடு முழுவதும் விற்க இறங்கினார். பெரிய சோப்பு நிறுவனங்கள் அதேபோல் ஒன்றைச் செய்து தன்னை நசுக்கிவிடும் என்று தெரியும். சோப்பு யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம், ஆனால் அந்த நாட்டில் அப்போது இந்தப் பம்பைச் செய்தவை இரண்டே நிறுவனங்கள். இரண்டிடமும் சேர்த்து 10 கோடி பம்புகளுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்! பெரிய நிறுவனங்களிடம் சோப்பு இருந்தது, வைத்து விற்கப் பம்பு இல்லை. அவர்கள் விழித்துக்கொள்வதற்குள் இவர் சாஃப்ட்சோப் என்ற பெயரை வீடுவீடாக நிலைநிறுத்திவிட்டார். 1987இல் அந்தச் சோப்பை கோல்கேட்-பாமாலிவ் விலை கொடுத்து வாங்கிக்கொண்டது.

இதைப் படித்ததும் 2020தான் நினைவுக்கு வந்தது. மார்ச் மாதம் அரசு கைக் கிருமிநாசினியை அத்தியாவசியப் பொருளாக அறிவித்து, 200 மில்லி 100 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று விலை நிர்ணயித்ததே, அந்த நாட்கள். பம்பெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. நான் அப்போது மூடி போட்டே விற்றேன். வாங்கியவர்கள் முணுமுணுத்தார்கள். ஈரக் கையோடு மூடியைத் திருகிப் பார்த்தால்தான் பம்பின் அருமை தெரியும்.

அத்தைக்கு வருகிறேன். பக்கவாதம் வந்து வைகாசியோடு இரண்டு வருடம். வலது கை இன்னும் தூக்கவில்லை. எந்த மூடியையும் ஒரு கையால் திறக்க முடியாது, புட்டியைச் சாய்த்து உள்ளங்கையில் ஊற்றிக்கொள்ள இன்னொரு கை இல்லை. நான் குளிப்பாட்டினால் அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். உனக்குத்தான் தெரியுமே, விடுதிக்கு முறுக்கு டின்னைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தவர் அவர். போன பொங்கலுக்கு முன் குளியலறைச் சுவரில் மார்பளவு உயரத்தில் ஒரு பலகை அடித்து, புட்டியை நகராதபடி வளையத்துக்குள் நிறுத்தினோம். பம்பை மணிக்கட்டால் அழுத்தி, அதே கையைத் திருப்பிப் பம்பின் மூக்குக்குக் கீழே ஏந்திக்கொள்ளக் கற்றுக்கொண்டார். திரவம் கெட்டியாக இருப்பதால் மணிக்கட்டை எடுத்த பிறகும் ஒரு சொட்டு தொங்கி நிற்கும், அது போதும். முதல் நாள் கதவைத் தாழிட்டுக்கொண்டு அரைமணி நேரம் குளித்தார். நான் வெளியே நின்று அழுதேன்.

இப்போது என் சிக்கல் புரிகிறதா? "டக்" என்று பூட்டுகிற பம்புக்கு மாறிவிட்டால் லாரி எனக்குப் பயமில்லை. ஆனால் அந்த மேட்டைத் தாண்டித் திறக்க ஒரு கை புட்டியைப் பிடிக்க வேண்டும், மறு கை அழுத்தமாகத் திருப்ப வேண்டும். அத்தையால் முடியாது. அவருக்குத் திறந்துகொடுக்க நான் இருக்கிறேன். தனியாக இருக்கும் கிழவிக்கு யார் இருக்கிறார்கள்? உன் அம்மாவின் விரல்கள் முடக்குவாதத்தில் எப்படி இருந்தன என்று நினைத்துப் பார். பாத்திரம் துலக்கும் சோப்புத்தூள் பையைக்கூடப் பல்லால் கடித்துத் திறந்தாரே.

எழும்பிய தலைக்கும் கழுத்துக்கும் நடுவே பிறை வடிவில் ஒரு கிளிப் மாட்டி வருகிற பம்பும் இருக்கிறது. கிளிப்பைப் பிடுங்கினால் போதும், ஒரு கையாலும் முடியும். ஆனால் தலை மேலேயே நிற்பதால் பெட்டி உயரமாகிறது, மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் இடித்தால் உடைகிறது. தலைமீது சூட்டில் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் பட்டை போடலாம் என்றால், அதைக் கிழிக்க நகம் வேண்டும். ஒவ்வொரு வழியும் யாரோ ஒருவரை வெளியே நிறுத்துகிறது. எதிர்வீட்டுப் பெரியவர் மேட்டைப் பாதியாகத் தேய்த்துவிடலாம் என்கிறார். மாதம் 600 பம்பை யார் உட்கார்ந்து தேய்ப்பது?

ஒரு முடிவு மட்டும் எடுத்துவிட்டேன். மறுமுறை வாங்குபவர்களுக்குச் சாதாரண மூடி போட்ட புட்டிதான், பழைய பம்பை அவர்கள் கழுவி மாட்டிக்கொள்ளட்டும். பிளாஸ்டிக்குக்குள் ஸ்பிரிங் ஒளிந்திருப்பதால் பழைய பொருள் எடுப்பவர் இதைத் தொடுவதே இல்லை, நேராகக் குப்பைமேட்டுக்குப் போகிறது. இவ்வளவு வேலைப்பாடு ஒரு புட்டியோடு முடிவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

மற்றதற்கு நீதான் வழி சொல்ல வேண்டும், பிளம்பர். இன்று உன் பெயருக்கு ஆறு புட்டிகள் லாரி பார்சலில் போட்டிருக்கிறேன். இரண்டு "டக்" பம்பு, இரண்டு கிளிப், இரண்டு பெரியவர் தேய்த்துக்கொடுத்தவை. வந்ததும் படம் எடு, எத்தனை தலை எழும்பியிருக்கிறது என்று எண்ணு. என்னை ஆறுதல்படுத்துவதற்காகக் குறைத்துச் சொல்லாதே. பிறகு வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் இடது கையால் திறந்து பார். கையை ஈரமாக்கிக்கொண்டு பார், உலர்ந்த கையால் திறப்பது கணக்கில் வராது.

முதல் மூன்று அழுத்துக்குக் காற்றுத்தான் வரும். நான்காவதும் அழுத்திவிட்டு எழுது.

உன்
மூன்றாம் மாடி அறைத்தோழி